மஞ்சள் மண்டியும் மாரியாத்தாவும்

ஈரோட்டு அப்புச்சி வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் பெரியாருக்கு. எதிர்ச்சுவர் அமுச்சிக்கு: பழனி முருகன், சமயபுரத்தாள், நடுவில் உள்ளூர் பெரிய மாரியம்மன். முழுப்பரீட்சை லீவுக்குப் போனால் இந்த இரண்டு சுவருக்கும் நடுவில்தான் எங்களுக்குப் பாய் விரிப்பார்கள்.

அப்புச்சிக்கு மஞ்சள் மண்டி. விரலி தனி, கிழங்கு தனியாகப் பிரித்த மூட்டைகளோடு பவானி, கொடுமுடிப் பக்கத்து வண்டிகள் விடியும் முன்பே வந்து நிற்கும். உள்ளே போய்த் திரும்பினால் மூக்கு, முடி, பாவாடை எல்லாம் மஞ்சள். சாக்கின் எடைக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் இரண்டைக் கழித்துக்கொள்கிற ஆட்களும் உண்டு. எழுத்து தெரியாத சம்சாரி என்ன கண்டார்? அப்புச்சி காலிச் சாக்கை அவர்கள் கண்ணெதிரிலேயே நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கழிப்பார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர், "கருப்புச்சட்டைக்காரரு மண்டின்னா கண்ணை மூடிட்டு எறக்கலாமுங்க" என்பார்.

பள்ளிக்கூடத்தில் வேறு பாடம். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்திவிடும். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "சாமியே இல்லீன்னா, நீங்க தப்பு பண்ணுனா யாரு அப்புச்சி கண்ணைக் குத்துவாங்க?"

"பத்து மூட்டைக்குப் பத்துக் கிலோ அடிச்சா, அவிய ஊட்டுப் புள்ளைக்கு ஒரு பாவாடை போச்சு அம்மிணி. இதைச் சொல்றதுக்கு ஒரு சாமி வேணுமா?"

பெரியாரும் ஈரோட்டு வணிகக் குடும்பத்துப் பிள்ளைதான். நகராட்சித் தலைவராக இருந்ததோடு ஊர்த் தேவஸ்தானக் கமிட்டிக்கும் தலைமை வகித்தவர். கோயில் சொத்தை ஒரு நாத்திகர் நம்பிக்கையாகப் பார்த்துக்கொண்டார் என்பதில் அப்புச்சிக்கு அப்படியொரு பெருமிதம். யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தக் கதைதான்.

அமுச்சி ஒன்றும் குணத்தில் குறைந்தவள் இல்லை. பசி என்று வந்தவரைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் மண்டியில் மஞ்சள் பொறுக்கும் பெண்கள் மதியத்தில் மோருக்கு வந்தால், திண்ணையோரம் கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினிய டம்ளரில்தான் ஊற்றுவாள். குடித்தவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "சாமி வெச்ச மொறை கண்ணு" என்றாள். பொய்க்குக் கண்ணைக் குத்துகிற சாமி, இதற்கு முறை வகுத்துக் கொடுத்திருந்தது. அப்புச்சி சத்தம் போடுவார். "உங்க கச்சி மண்டியோட நிக்கட்டுமுங்க" என்பாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கட்சி மண்டியோடுதான் நின்றது. 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தை ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு அப்புச்சி உரக்கப் படிப்பார். பக்கத்தில் அமுச்சி மாவாட்டிக்கொண்டிருப்பாள். ஆட்டுக்கல் சத்தத்தில் அவளுக்கு எவ்வளவு கேட்டதோ. தான் சாப்பிட்ட தட்டை அவர் ஒருநாளும் எடுத்து நான் பார்த்ததில்லை. எடைக்கல்லில் தெரிந்த நியாயம் அவருக்கு அடுப்படியில் தெரியவில்லை. அடுப்படியில் தெரிந்தது இவளுக்குத் திண்ணையில் தெரியவில்லை. மதம் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போவான் என்றும், மதம்தான் மனிதனைக் கெடுத்தது என்றும் மேடைகளில் அடித்துப் பேசுகிறவர்களை நான் முழுதாக நம்பாததற்கு இந்த வீடுதான் காரணம்.

பிறகு ஒரு கோடையில், நிறைமாதமாயிருந்த ஒருத்தி மோர் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவக் குனிய முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க குடு ஆயா, வயித்தப் புடிச்சுக்கிட்டு நீ எங்க குனியறது" என்று வாங்கி அமுச்சியே கழுவினாள். கழுவியவள் அதைத் திண்ணையில் வைக்கவில்லை, யோசனையாகக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். இரண்டொரு நாளில் அலுமினியம் மொத்தமும் பழைய பாத்திரக்காரனிடம் போயிற்று. எல்லோருக்கும் வீட்டு எவர்சில்வர்தான்.

அப்புச்சி இதைத் தன் பிரச்சாரத்துக்குக் கிடைத்த வெற்றி என்றே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அமுச்சியோ அடுத்த பங்குனியில் பெரிய மாரியம்மன் பூச்சாட்டுக்குப் போய்வந்து, "ஆத்தாதான் எனக்குப் புத்தி குடுத்தா" என்றாள். இருவரும் இதற்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு இரண்டு பேருமே பங்கு கொடுக்கவில்லை.