எழுத்தும் ஆய்வே

1856 முதல் 1863 வரை புறூண் நகர மடாலயத் தோட்டத்திலே கிறெகோர் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கலப்புச் செய்து, அவற்றின் வழித்தோன்றல்களைக் கணக்கெடுத்தார். அவர் வளர்த்த செடிகள் ஏறத்தாழ 28,000. 1865-இல் அந்நகர இயற்கை விஞ்ஞானக் கழகத்தின் இரு கூட்டங்களில் தம் முடிபுகளை வாசித்தார். மறு ஆண்டு அவை அக்கழகத்தின் சஞ்சிகையில் அச்சேறின. தனிப்பிரதிகள் சில அறிஞர்க்கும் அனுப்பப்பட்டன. எனினும் அவற்றின் பெறுமதி 1900-இலேயே உணரப்பட்டது. மெண்டல் காலமாகி அப்பொழுது பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தாமதத்திற்குக் காரணங்கள் பல. மெண்டலின் எழுத்துத் தெளிவற்றதன்று. தாவரவியலிற் கணிதத்தை எதிர்பாராத வாசகர்க்கு அது எண்களின் குவியலாகவே தோன்றியது போலும். உண்மையைக் கண்டறிதல் ஒன்று. அதனை உரியவரிடம் சேர்த்தல் மற்றொன்று. பின்னையதும் பயிற்சியால் அடையத்தக்கதே.

பல்கலைக்கழகங்களிற் கருவிகளைக் கையாளும் முறை கவனமாகக் கற்பிக்கப்படுகின்றது. எழுத்தோ தானாக வருமென்று பெரும்பாலும் விடப்படுகின்றது. விஞ்ஞானக் கட்டுரையின் அமைப்பு நான்கு வினாக்களுள் அடங்கும்: ஆய்வு ஏன் தொடங்கப்பட்டது? என்ன செய்யப்பட்டது? என்ன காணப்பட்டது? அதன் பொருள் யாது? இவற்றுக்குத் தொடக்கத்திலேயே விடையெழுத முயலும் மாணவன், ஒப்பீட்டுக்கு வேண்டிய சான்று இல்லாமையைக் காலம் கடக்குமுன் கண்டுகொள்வான். கண்டதையும் கருதியதையும் வெவ்வேறு பகுதிகளில் வைக்கப் பழகியவன், கருத்தைச் சான்றென மயங்கான். எழுத்து ஆய்வுக்குப் போர்த்தும் ஆடையன்று, அதன் உறுப்பேயாகும்.

எழுதியதை வெளியிடுதலும் ஒரு கல்வியே. தக்க சஞ்சிகையைத் தெரிதல், பணம் பெற்று எதனையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகளை இனங்காணல், நடுவர்களின் மறுப்புக்களுக்கு நிதானமாக விடையளித்தல் ஆகியன அனுபவமுள்ளோர் துணையின்றி எளிதிற் கைகூடா. திருப்பியனுப்பப்பட்ட முதற் கட்டுரையோடு பேனாவை மூடிவைக்கும் இளைஞர்க்கு இத்துணையே தேவை. வளர்முக நாடுகளின் ஆய்வாளரை அனுபவமுள்ள அறிஞரோடு இணைக்கும் ஓதர் எயிட் திட்டம் 2007-இல் தொடங்கப்பட்டதும் இந்நோக்கத்துடனேயே.

ஆயினும் இப்பயிற்சி பெரும்பாலும் ஆங்கில எழுத்தையே கருதுகின்றது. உலக அறிஞரை எட்ட அது இன்றியமையாதது. ஆனால் அதுவே போதுமானதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களை மாணவர் துணையுடன் தமிழாக்கினார். அம்மாணவர் மருத்துவத்தோடு அதனை எழுதும் முறையையும் கற்றனர்.

இன்று குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுதல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளிலேயே உள்ளன. மாதிரி எடுக்கத் தன் கிணற்றைத் திறந்துவிட்ட கமக்காரர் அவற்றை வாசிப்பதில்லை. அந்நீரை அருந்துபவரோ அவர்தாம். ஆய்வாளனுக்கு இரு கட்டுரைகள் எழுதக் கற்பித்தல் வேண்டும்: ஒன்று நடுவருக்கு, மற்றொன்று அக்கமக்காரருக்கு. இரண்டாவது எழுதப்படாதவரை ஆய்வு முற்றுப்பெற்றதாகாது.