வாளியும் கயிறும்

அப்பா சம்பளம் வாங்கியதைவிட ஓய்வூதியம் வாங்கியது ஐந்து வருடம் கூட. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்தவர் 1984இல் ஓய்வுபெற்றார். 2019 மார்ச்சில், தொண்ணூறாவது வயதில், கோண்டாவில் வீட்டிலேயே கண்ணை மூடினார். "என்னாலை அரசாங்கத்துக்கு நட்டம்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். செத்தவீட்டுக்கு வந்த பெரியவர்கள் அந்த முதல் முப்பது வருடங்களைத்தான் பேசினார்கள்: எந்தக் குளத்தில் நின்றார், எந்த மந்திரிக்கு முகத்துக்கு நேரே என்ன சொன்னார். எனக்குத் தெரிந்த அப்பா அதற்குப் பிந்திய ஆள். ஜீப்பும் கந்தோரும் போய்விட்ட, கையில் ஒரு மூட்டை சீமெந்துகூட இல்லாத பொறியியலாளர். அவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கரவெட்டியில் பிறந்தவர். 1950இல் கொழும்பில் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் தொடங்கிய கையோடு அங்கே போய்ச் சேர்ந்தார். ஆறில்லாத ஊரிலிருந்து வந்தவன் தண்ணீர் படிக்கிறான் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்களாம். பகிடியில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை ஆறு என்பது ஒரு மரியாதைக்குத்தான். பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வாழ்நாளெல்லாம் வாதாடிய 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம். கனகராயன் ஆறும் மற்ற வன்னி ஆறுகளும் கொண்டுவரும் மாரி வெள்ளம் ஆனையிறவுக் கடனீரேரியில் விழுந்து வீணே கடலுக்குப் போகிறது. சுண்டிக்குளத்தில் கடலை மறித்து அந்த ஏரியை நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குத் திருப்பினால், தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை போட்டு உள்ளே நிறுத்தி வைக்கலாம். கிணறுகளும் மெல்ல மெல்ல இனிக்கும். தடுப்பணைகள் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. சோதனை பாஸ் பண்ணாத மூத்த அண்ணன் மாதிரி அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. சாப்பாட்டு மேசையில் அதன் பேச்சு வராத நாள் குறைவு.

1958 கலவரத்தின்போது பொலன்னறுவைப் பக்கம் வேலை. அவருக்குக் கீழே வேலை பார்த்த சிங்கள ஓவசியர் ஒருவர் சீமெந்துக் களஞ்சியத்துக்குள் வைத்துப் பூட்டி, சாப்பாட்டைக் கூரை இடுக்கால் இறக்கிக் காப்பாற்றினாராம். வெளியே என்ன கேட்டது என்பதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தார்கள், கரையில் இருந்ததெல்லாம் கட்டி பிடித்துவிட்டது என்பார். அந்த ஓவசியருக்குச் சித்திரைப் புத்தாண்டுதோறும் சிங்களத்தில் கடிதம் எழுதினார். 1983க்குப் பிறகும் எழுதினார். அம்மாவுக்கு அது பிடிக்காது.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தோம். பிறகு 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறை. எனக்குப் பதினாறு வயது. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள், என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் ஓய்வு எழுதிக்கொடுத்தார். அவருடைய தொகுதிக்காரர்கள் சாம்பியா, நைஜீரியா, லண்டன் என்று போனார்கள். அவருக்கும் கடிதங்கள் வந்தன. "போயிருந்தால் பிள்ளையள் நிம்மதியாப் படிச்சிருக்குங்கள்" என்று அம்மா கடைசிவரை சொன்னார். அம்மா சொன்னது சரி. அப்பா போகாததற்கு நாட்டுப்பற்று, கொள்கை என்றெல்லாம் செத்தவீட்டில் காரணம் கற்பித்தார்கள். முள்ளியானை விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, புகையிரதம் இல்லை. சீமெந்தும் பற்றரியும் தடைப்பட்ட சாமான்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் தமிழோசை கேட்டோம். சுற்றுவது என் வேலை. செய்தியின் நடுவில் கை சோர்ந்தால் அப்பா அதட்டுவார். காலையில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீர்மட்டம் பார்த்து கொப்பியில் எழுதுவார். குண்டு விழுந்த நாட்களில் பக்கத்தில் ஒரு சிறிய புள்ளி போட்டிருப்பார். வேறொன்றும் எழுதமாட்டார்.

1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் உடனே தென்மராட்சிக்குப் போகவேண்டும். நான் நாலு மாதக் கர்ப்பிணி. அம்மா நகையையும் காணி உறுதியையும் சேலையில் முடிந்தார். அப்பா கிணற்றடியில் நின்றார்.

"இஞ்சாருங்கோ, பென்ஷன் கடதாசி எடுத்தனீங்களோ?"

"அது பிள்ளையிட்டைக் கிடக்கு. அந்த நீளக் கயிறு எங்கை?"

வாளி, கயிறு, தேத்தண்ணி ரின்னில் கொஞ்சம் குளோரின் தூள், வேலைத்தளத்தில் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய். இவ்வளவும் சைக்கிள் கரியரில். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

செம்மணி வீதியில் ஐந்து லட்சம் சனம் என்று பிறகு கேள்விப்பட்டோம். அப்போது தெரிந்தது முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான். மழை. நாவற்குழிப் பாலத்துக்குச் சில மைல், விடியும்வரை நடந்தோம். வயதானவர்கள் வீதிக்கரையில் இருந்துவிட்டார்கள். குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்துக் குழந்தைகளுக்குப் பருக்கினார்கள். அப்பா பேசவில்லை. கைதடிக்குக் கிட்ட ஒருமுறை மட்டும், "இவ்வளவு பேரும் எந்தக் கிணத்திலை குடிக்கிறது?" என்றார்.

மீசாலையில் தூரத்து உறவினர் வளவில் ஒதுங்கினோம். இரண்டு குடும்பத்துக்கான கிணறு. மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டி நூற்றுக்கணக்கானோர். இரண்டாம் நாளே அப்பா குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என்னிடம் தந்து, வளவின் சரிவைப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குமோ அந்தப் பக்கத்தில், கிணற்றிலிருந்து எட்டவாக, மலசலகூடக் குழிகள். பனையோலை மறைப்பு. குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு கிணற்றுக்கட்டில் இல்லை. கிணற்றுக்குள் ஒரேயொரு வாளிதான் இறங்கலாம். அது அவருடைய வாளி. ஒருவர் பெண்பிள்ளைகளுக்கு இரவில் தூரம் என்று கிணற்றுக்குக் கிட்டவே குழி வெட்டத் தொடங்கினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சீமெந்து மூட்டைகளுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த மனிதர் அன்று குழிக்குள் இறங்கி நின்று கத்தினார். வாழ்நாளில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கடைசியில் குழி தூர இடத்துக்கே போனது. வழிநெடுக இரவில் போத்தல் விளக்கு வைப்பது அப்பாவின் பொறுப்பானது.

குளோரின் எவ்வளவு போடுவது என்ற கணக்கை வளவுப் பிள்ளைகளிடம் கொடுத்தார். கிணற்றின் விட்டம், நீரின் ஆழம், உருளையின் கனவளவு. நான் கணித ஆசிரியை. என் வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளைகள் அங்கே தசமம் பிழைக்காமல் செய்தார்கள். அந்த வளவில் வாந்திபேதி வரவில்லை. தன் கணக்காலா அதிர்ஷ்டத்தாலா என்று அப்பா சொல்லமாட்டார். ஒரு கிணற்றை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது என்பார்.

1996 ஏப்ரலில் திரும்பினோம். கதவு, யன்னல், பாதிக் கூரை இல்லை. அப்பா முதலில் கிணற்றை இறைப்பித்தார். கூரை அதற்குப் பிறகுதான். என் மகன் பிறந்தது தறப்பாளுக்குக் கீழேதான்.

அந்த மகன் வளர்ந்து கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்துக்குப் போனான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியில் பெருவெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது திறந்தார்கள் என்று நாடே சர்ச்சை பண்ணியது. காது கேளாத அப்பா தொலைபேசியைக் கையில் இறுக்கிப் பிடித்துப் பேரனிடம் கத்தினார்: "எத்தினை அடியிலை திறந்தவை? நேரத்தைச் சொல்லு, நேரத்தை!"

தைப்பொங்கலுக்கு வந்தவன் முள்ளியானிலேயே கைவைத்தான். சுண்டிக்குளம் இப்போது தேசியப் பூங்கா, பறவைகள் வருகின்றன. ஏரியை நன்னீராக்கினால் இறால் பிடிக்கிற சனத்தின் கதி என்ன? கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று யார் சொன்னது? அறுபது வருடமாக வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. நாங்கள் பயந்துபோனோம். அப்பா கோபப்படவில்லை.

"எத்தினை குடும்பம்? எந்த மாதம் இறால்?"

பேரனிடம் பதில் இல்லை. மாசியில் ஒரு பட்டியலோடு வந்தான். அப்பா கண்ணாடிவில்லையை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பென்சிலை எடுத்து, கிழக்குப் பக்கத்து அணையில் கதவுகள் வரையத் தொடங்கினார்.

"சாகப்போற வயசிலை இறால் கணக்கு" என்றார் அம்மா.

"இறாலுக்கு உப்புத்தண்ணி வேணுமெல்லே. அதை நாங்கள் கணக்கிலை எடுக்கேல்லை."

கதவு வைத்தால் போதாது, திட்டமே வேண்டாம் என்றான் பேரன். "அப்ப சனம் எதைக் குடிக்கிறது?" என்றார் அப்பா. இரண்டு பேரும் சோறு ஆறும்வரை சண்டை பிடித்தார்கள்.