ஜம்பர் ஒயர்

மும்பை செம்பூரில் காலா (சிறு தொழிற்கூடம்) வைத்திருக்கும் ஒரு சேட் என் பில்லைப் பார்த்துவிட்டு, "ஸ்விட்ச் போட இவ்வளவா?" என்றார். ஸ்விட்ச் போட ஒரு நொடி போதும். அதற்கு முன்னால் போடாமல் இருக்கிறேனே, பில் அதற்குத்தான். பழைய ரோபாட் கைகளுக்குக் கரண்ட் கொடுப்பது ஒரு தனி வேலை என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. சீலிங் ஃபேன் மாட்டுகிறவனும் நானும் அவர்களுக்கு ஒன்று.

இந்தக் கைகளில் பல, ஜப்பானிலோ அமெரிக்காவிலோ கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்து ஓய்ந்தவை. சார்ட்டர்ட் இன்ஜினியர் சர்டிபிகேட்டோடு நவசேவாவில் வந்து இறங்கும். கழற்றியவர்கள் கேபிளை வெட்டியிருப்பார்கள். மேனுவல் இருக்காது. சில சமயம் கையில் பிடித்துக் கையை ஓட்டும் டீச் பெண்டன்ட்டைக்கூடத் தனியாக விற்றிருப்பார்கள். வாங்கியவர் அதற்குள் தவணை கட்டத் தொடங்கியிருப்பார். டெம்போவிலிருந்து இறக்கிய அன்றே கை ஆட வேண்டும் அவருக்கு.

முதலில் கன்ட்ரோலர் பெட்டியின் நேம் பிளேட். ஜப்பான் பெட்டி 200 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 480, நம் லைன் 415. உள்ளே டேப் வைத்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 380–415 டேப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் வெளியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 200-க்கு ஸ்டெப் டவுன், 480-க்கு ஸ்டெப் அப். 200-க்குக் கட்டிய பெட்டியில் 415 கொடுத்தால், 280 வோல்ட் பார்த்துப் பழகிய டிசி பஸ் 590-ஐத் தொடப் பார்க்கும். கெப்பாசிட்டர் வெடிக்கிற சத்தம் தாராவி இரைச்சலிலும் தனியாகக் கேட்கும். வருடக்கணக்கில் கரண்ட் காணாமல் கிடந்த கெப்பாசிட்டருக்குச் சரியான வோல்ட்டேஜைக்கூட ஒரே அடியாகக் கொடுக்கக் கூடாது, வேரியாக் வைத்து ஏற்ற வேண்டும். மோட்டாருக்கு மெகர் வைக்கும் முன் டிரைவைக் கழற்ற வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதத் தேவையில்லை. எர்த்? எங்கள் சந்துகளில் ஒரு காலத்தில் குழாயில் கட்டினார்கள். இப்போது குழாய் பிவிசி ஆகிவிட்டது, கட்டுகிற வழக்கம் மட்டும் சில இடங்களில் போகவில்லை.

பேட்டரி செத்த கதை எல்லாருக்கும் தெரியும். கை எங்கே நிற்கிறது என்பதை நினைவில் வைக்க, ஃபனக் கையில் அடிப்பாகத்தில் நாலு பெரிய செல். கப்பலிலும் குடோனிலும் கிடந்து அவை தீர்ந்தால் எஸ்ஆர்விஓ-062 அலாரம் வரும். மூட்டுகளில் உள்ள கோட்டுக்குக் கோடு சேர்த்து மாஸ்டரிங் செய்தால் தீர்ந்தது. பொறுமைதான் வேண்டும்.

என் ஆயுளைத் தின்றது ஜம்பர்.

ரோபாட்டைச் சுற்றிய வேலியின் கதவு, வெளி எமர்ஜென்சி பட்டன் இவற்றுக்கான டெர்மினல்களில் கம்பெனியே ஜம்பர், அதாவது இரண்டு முனைகளை நேராக இணைக்கும் ஒயர் துண்டு, போட்டு அனுப்பும். நிறுவுகிறவர் அதை எடுத்துவிட்டுக் கதவு ஸ்விட்சை இணைக்க வேண்டும். விற்கும்போது வேலி பழைய தொழிற்சாலையிலேயே தங்கிவிடுகிறது, பெட்டி மட்டும் இங்கே வருகிறது. யாரோ திரும்ப ஜம்பர் போடுகிறார்கள். கதவுச் சர்க்யூட்டில் இரண்டு சானல் இருக்கும், இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒன்று திறந்து ஒன்று திறக்காவிட்டால் பெட்டி அடம்பிடிக்கும். அது நல்ல அடம். நம் ஆட்கள் அதற்கும் ஒரு ஒயர் துண்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெட்டியை மறக்க முடியாது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். சிவப்பு பட்டனை அழுத்தினோம். கை நின்றது, பிரேக் விழுந்தது, திரையில் அலாரம் வந்தது. வாங்கியவரின் மகன் கைதட்டினான். நான் ஆம்ப்ளிஃபயர் வாசலில் மீட்டர் வைத்தேன். மூன்று ஃபேஸும் அப்படியே நின்றன. மேக்னடிக் கான்டாக்டரின் பாயின்ட்டுகள் உருகி ஒட்டியிருந்தன. ஒட்டினால் பெட்டி தானே கண்டுபிடித்துச் சொல்லும். சொல்லாதபடி ஆக்ஸிலரி கான்டாக்ட்டில் ஒரு நீல ஒயர், டக்ட்டுக்கு அடியில் அழகாக ஒளித்து வைத்திருந்தார்கள். கடல் கடந்த ஊரில் எவனோ ஒருவன் ஷிஃப்ட் முடிவதற்குள் லைனை ஓட்டப் போட்டது. கை நின்றது சாஃப்ட்வேர் நிறுத்தியதால். டிரைவுக்குக் கிறுக்குப் பிடித்தால் கரண்ட்டை வெட்ட அங்கே எதுவும் இல்லை.

அந்த மீட்டரை வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி. 1915-இல் தொடங்கிய ஒர்க்‌ஷாப் அது. அவர் ரோபாட்டைத் தொட்டதே இல்லை. ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் குனிவார், டீ குடிக்கப் போனாலும் ஃப்யூஸ் கூடவே போகும். "விளக்கு அணைஞ்சிருச்சின்னு சொல்லாதலே, மீட்டர் என்ன சொல்லுதுன்னு சொல்லு" என்பார். லைவ் லைனில் மீட்டரைச் சோதிப்பார், பிறகு அணைத்த லைனில் வைப்பார், திரும்ப லைவ் லைனில் சோதிப்பார். மீட்டரே செத்திருந்தால் என்ன செய்வாய் என்பது அவர் கேள்வி. இதற்காக அவரைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு.

இப்போது வருகிற பையன்கள் கெட்டிக்காரர்கள், புரோகிராம் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். ஆனால் என்னிடம் "அண்ணாச்சி, அலாரம் போயிருச்சு" என்று சொல்லும்போது எதனால் போயிற்று என்று கேட்டால் முழிக்கிறார்கள். பெண்டன்ட்டின் டெட்மேன் ஸ்விட்சை டேப் சுற்றி அமுக்கி வைக்கிறார்கள். அது விட்டாலும் நிற்க வேண்டும், பயத்தில் இறுக்கினாலும் நிற்க வேண்டும் என்று மூன்று நிலையில் செய்தது. டேப் சுற்றினால் எதற்கு அது? சோதனைக்கான டி1 மோடில் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் கை போகாது. அது வீடியோவில் நன்றாக இல்லையாம், ஆட்டோவுக்குத் திருப்புகிறார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று தெரியாத கைக்குச் செயின் பிளாக் மாட்டச் சொன்னால் நேரம் வீண் என்கிறார்கள். 2015-இல் மானேசரில் வெல்டிங் ரோபாட் குத்தி ஓர் இளைஞர் இறந்தார். செய்தித்தாளில் வந்ததுதான். கேட்டால் அது பெரிய கம்பெனி விஷயம் என்று பதில்.

நான் இப்போது ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஜம்பரையும் தனி வரியில் எழுதுகிறேன்: எந்த டெர்மினல், எடுத்தேனா, இருக்கிறதா, அதற்குப் பதில் என்ன ஸ்விட்ச். கீழே முதலாளி கையெழுத்து. கையெழுத்துப் போட யோசிக்கிறவரின் காலாவில் மெயின் ஃப்யூஸை மாட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். மாட்ட வேறு ஆள் கிடைப்பான், குறைந்த கூலிக்கே.