மார்கழி வேகம், வைகாசி சூடு

"அண்ணே, ஓவர்க்ளாக்கிங் பத்தி ஒரு பதிவு போடுங்கண்ணே"ன்னு காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருக்கான். நான் தள்ளிப் போட்டதுக்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. அதைப் பத்தி எழுதினா ஒரு கல்யாண வீடியோவைப் பத்தியும் எழுதியாகணும். சரி, இன்னிக்கு ரெண்டையும் சேர்த்தே கொட்டிடறேன். பொட்டி தட்டத் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம் மக்களே.

அறந்தாங்கியில மாமா ஒரு போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தார். மாடியில ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ரூம். அதுதான் நம்ம எடிட்டிங் ரூம். 2008ல அம்மாவோட வளையலை அடகு வச்சு வாங்கின கம்ப்யூட்டர் ஒன்னு அங்க உக்காந்திருந்தது. இன்டெல் பென்டியம் டூயல் கோர், இ2160. வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். சுத்துப்பட்டு கிராமத்துக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அந்தப் பொட்டி வழியாத்தான் டிவிடி ஆச்சு.

ஒரு கல்யாணத்தை டிவிடிக்கு ரெண்டர் பண்ண அது மூணரை மணி நேரம் எடுத்துக்கும். அது பிரச்சினையே இல்லை, கரண்ட் இருந்தா! 2008ல ஆரம்பிச்ச மின்வெட்டு 2012ல என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு சென்னைக்காரங்களை விட எங்க பக்கத்து ஆளுங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. ராத்திரியில சேர்ந்தாப்புல மூணு மணி நேரம் கரண்ட் கிடைச்சா அது பெரிய விஷயம். 90 சதவீதம் முடிஞ்சிருக்கும், டொப்புனு போயிடும். யூபிஎஸ் நாலு நிமிஷம் கீச் கீச்சுனு கத்திட்டு அதுவும் படுத்துடும். மறுபடி முதல்லேர்ந்து. இன்வெர்ட்டர் வாங்குற அளவுக்கு வசதி இல்லை.

மூணரை மணி நேர வேலையை மூணு மணி நேரத்துக்குள்ள அடக்கியாகணும். அப்படித்தான் ஓவர்க்ளாக்கிங் பக்கம் போனேன். கேம் ஆடுறதுக்கு இல்லீங்கோ.

விஷயம் என்னன்னா, ப்ராசஸருக்குள்ள ஒரு தாளம் ஓடிக்கிட்டே இருக்கும். என்னோடதுல அடிப்படைத் தாளம் 200 மெகாஹெர்ட்ஸ், அதை உள்ளுக்குள்ள 9ஆல பெருக்கிக்கும். 200 x 9 = 1800. அந்த 9ஐக் கூட்ட முடியாது, பூட்டியிருக்கும். ஆனா பயாஸ்ல போய் 200ஐ 300 ஆக்கினா? 2700! ஒத்தப் பைசா செலவில்லாம ஒன்றரை மடங்கு வேகம். இந்த ஆசை உலகத்துக்கே பழசு. 1998ல வந்த செலரான் 300ஏ-ங்கிற விலை கம்மியான ப்ராசஸரை, தாளத்தை 66லேர்ந்து 100க்கு ஏத்தி, 450 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டி உலகமே கொண்டாடுச்சு.

நான் இதைப் பண்ணினது 2011 மார்கழியில. ஏன் மார்கழின்னு கேக்கறீங்களா? மார்கழியில கல்யாணம் கிடையாது. வீடியோக்காரனுக்கு அதுதான் லீவு. ராத்திரி பூரா உக்காந்து 220, 240, 266னு கொஞ்சங் கொஞ்சமா ஏத்தினேன். ராம் வேகமும் கூடவே ஏறிடும், அதை தனியா இறக்கி வைக்கணும்னு ரெண்டு தடவை பொட்டி எந்திரிக்காம படுத்தப்பதான் புரிஞ்சுது. 300க்கு வோல்டேஜ் பத்தல. 1.3லேர்ந்து 1.4க்குத் தள்ளினேன். நின்னுச்சு! பிரைம்95 போட்டு விடிய விடிய ஓட்டிப் பார்த்தேன். ஒரு தப்பு இல்லை. ரூம் 24 டிகிரி, ப்ராசஸர் 62 டிகிரி. மூணரை மணி நேர ரெண்டர் ரெண்டு மணி இருவது நிமிஷத்துல முடிஞ்சுது. மாமாகிட்ட சொன்னப்போ, "ஏன் மாப்ள, ஓசியில எதுவும் கிடைக்காதேடா"ன்னு ஒரு சந்தேகப் பார்வை பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா வட்டிக் கணக்கு நல்லாத் தெரியும்.

வட்டி சூட்டுல வரும்னு எனக்குத்தான் உறைக்கல. ப்ராசஸர் தின்கிற மின்சாரம் வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கமா ஏறும். என் கணக்கைப் போட்டுப் பாருங்க. வேகம் 1.5 மடங்கு. வோல்டேஜ் வர்க்கம் 1.16 மடங்கு. பெருக்கினா 1.74. ஒன்றரை மடங்கு வேகத்துக்கு ஒன்னே முக்கால் மடங்கு சூடு. இது பெரிய ஆளுங்களையே கவுத்த சமாச்சாரம். சூட்டைச் சமாளிக்க முடியாம இன்டெல் 2004ல 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ கைவிட்டுட்டு, ரெண்டு கோர் வைக்கிற பாதைக்குத் திரும்புச்சு. என் பொட்டியில இருந்த டூயல் கோரே அந்தச் சூட்டுக்குப் பயந்து பொறந்த பிள்ளைதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஹீட்ஸிங்கும் ஃபேனும் குளிரை உண்டாக்காது. ப்ராசஸர் சூட்டை ரூம் காத்துக்கு மாத்தி விடும், அவ்வளவுதான். காத்தை விடக் கீழ இறக்க அதால முடியாது. மார்கழியில எனக்கு வித்தியாசம் 38 டிகிரி. வைகாசியில ரூமே 37னா? 75க்கு மேல நிக்கும். 2011ல ஏஎம்டி எஃப்எக்ஸ் 8150ஐ 8.429 கிகாஹெர்ட்ஸுக்கு ஏத்தி கின்னஸ்ல இடம் பிடிச்சாங்களே, அவங்க திரவ ஹீலியம் ஊத்தினாங்க. நம்மகிட்ட இருந்தது ஒரு டேபிள் ஃபேன்.

வைகாசியும் வந்துச்சு. 2012, அக்னி நட்சத்திரம் முடியல. பொட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டி டேபிள் ஃபேனை நேரா திருப்பி வச்சேன். ஜன்னல்ல ஈரச் சாக்கு தொங்க விட்டேன். மண்பானை தண்ணியைக் குளிர வைக்கிற அதே வித்தைதான், தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். மாமா எட்டிப் பார்த்துட்டு, "என்னடா, பிரசவம் பாக்குற மாதிரி உக்காந்திருக்க"ன்னார். அன்னிக்கு ராத்திரி ஆலங்குடி பக்கத்துக் கிராமத்துக் கல்யாணம் ஒன்னு ஓடிக்கிட்டு இருந்தது. ரெண்டே கால் மணி நேரத்துல முடிஞ்சுது. முதல் அஞ்சு நிமிஷம் பார்த்தேன், சூப்பரா இருந்தது. டிவிடி போட்டுக் கொடுத்தாச்சு.

அப்புறம் வழக்கமா பண்றதைப் பண்ணினேன். கேமரா கேசட் ஒரு மணி நேரத்துக்கு ஹார்ட் டிஸ்க்ல 13 ஜிபி பிடிக்கும். இடம் வேணும்னு அழிச்சேன். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கேசட் மேலயே பதிவு பண்ணினோம்.

பத்து நாள் கழிச்சு பொண்ணு வீட்டுலேர்ந்து போன். அவங்க அப்பத்தா மணமக்களுக்குத் திருநீறு பூசி ஆசீர்வாதம் பண்ற இடத்துல படம் கட்டம் கட்டமா உடையுதுன்னு. ஓடிப் போய்ப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம். முகமே தெரியல. சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு.

நடவு வரிசையில எல்லாரும் ஒரே தாளத்துக்குக் குனிஞ்சு நடுவாங்கல்ல. தாளத்தை வேகமாக்கினா கடைசியில நிக்கிற ஒரு ஆளு ஒரு நாத்தை விட்டுடுவா. வரிசை நிக்காது, போய்க்கிட்டேதான் இருக்கும். அதே மாதிரிதான். சூடு ஏற ஏற உள்ள சிக்னல் மெதுவாகும். அடுத்த தாளத்துக்குள்ள போய்ச் சேராது. ப்ராசஸர் ரொம்பச் சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், அணைஞ்சும் போகும். ஆனா தப்பு பண்றதுக்கு அவ்வளவு தூரம் சூடாக வேண்டியதில்லை. பொட்டி ஹேங் ஆகியிருந்தாக் கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும். அது தப்பா கணக்குப் போட்டுட்டு "முடிஞ்சுது"ன்னு சொல்லுச்சு. மறுநாள் அதே ரூம்ல பிரைம்95 போட்டேன். ஏழாவது நிமிஷம் தப்பு காட்டுச்சு. ப்ராசஸர் 81 டிகிரி. ஹீட்ஸிங்கைக் கழட்டினா இடுக்கு பூரா பஞ்சு மாதிரி தூசி.

அந்த அப்பத்தா அடுத்த தை பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அவங்களை வீடியோ எடுத்தது அந்த ஒரு தடவைதான். கேட்டவங்ககிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேசட்டே அப்படித்தாங்க இருந்துச்சு." பொய். மாமாகிட்டயும் அதே பொய்தான்.

போன வருஷம் அந்தப் பொண்ணு தன் புள்ள காதுகுத்துக்கு வீடியோ சொல்ல வந்திருந்துச்சு. இப்ப ஸ்டூடியோ என் பேர்ல. "அண்ணே, இப்பதான் என்னென்னமோ வந்திருக்காமே, அந்த இடத்தைச் சரி பண்ண முடியாதா?"ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு உண்மையைச் சொல்லிட்டேன். தாளம், சூடு, தூசி, அழிச்சது, எல்லாம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே. நாங்க எங்க வீட்டு டிவிடி பிளேயர் மேல பழியப் போட்டு ரெண்டு பிளேயர் மாத்தினோம்"னுச்சு. காதுகுத்து வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டுத்தான் போச்சு. எனக்குத்தான் அதை வாங்கக் கை கூசுச்சு.

தம்பி, நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். இன்னிக்கு வர்ற ப்ராசஸர் எல்லாம் சூடு இடம் கொடுக்கிற வரைக்கும் தானே வேகம் ஏத்திக்குது. கையால ஏத்தி மிச்சம் பிடிக்கிறதுக்குப் பெருசா ஒன்னும் இல்லை. கை அரிச்சா ஏத்திப் பாரு, வேண்டாம்னு சொல்லல. ஆனா டெஸ்ட்டை அக்னி நட்சத்திரத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஏசி போடாம பண்ணு. அதுல நின்னா அதுதான் உன் வேகம். எவனோ குளிர் ஊர்ல உக்காந்து போட்ட நம்பர் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஆகாது.

நான் இப்ப சித்திரை பிறந்தா வோல்டேஜையும் வேகத்தையும் கொஞ்சம் இறக்கி வச்சிடறேன். வேகம் கொஞ்சம்தான் குறையுது, சூடு நிறையக் குறையுது. அதே கணக்குதான், தலைகீழா. எந்த டிவிடியும் பென்டிரைவும் முழுசாப் பார்க்காம வெளிய போறதில்லை. ஒரிஜினலை ஒரு வருஷத்துக்கு அழிக்கிறதில்லை.

டிஸ்கி: அம்மாவோட வளையலை 2013லயே மீட்டாச்சு. அந்தக் கணக்கு நேராயிடுச்சு.