தகட்டில் விழுந்த ஸ்னோ

எட்மண்டனில் நாங்கள் வேலை செய்யும் இடத்தில் வருடம் முழுவதும் ஸ்னோதான். ஆடி மாதத்திலும் வியர்வை வழிய நின்று ஸ்னோவை அடுக்குகிறோம்.

நோர்த் சேர்க்குலர் வீதிக்கு அண்மையில் உள்ள ஒரு சிறு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். புகழ்பெற்ற ஓவியங்களை அலுமினியத் தகட்டில் பதித்து விற்கிறார்கள். படம் முதலில் தாளில் இடம்வலம் மாறி அச்சாகும். அதை வெள்ளைப் பூச்சிட்ட தகட்டின்மேல் கவிழ்த்து, ஏறக்குறைய 200 பாகை சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். இதில் வெள்ளை மையே கிடையாது. ஸ்னோ மிக வெண்மையாகத் தெரியும் இடம் மை படாத இடம்.

நத்தார் நெருங்கினால் க்ளோட் மொனேயின் படம் மேசைக்கு வரும். படலையில் ஒரு பறவை தனியே இருக்கும். 1868-69 குளிர்காலத்தில் வரைந்தது, மூலப்படம் பாரிஸில் இருக்கிறது. அதில் நிழலெல்லாம் நீலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீலம் பிழையாக விழுந்துவிட்டதென்று மூன்று தகடுகளை ஒதுக்கிவைத்து நன்றாக ஏச்சு வாங்கினோம்! பிறகு ஒரு தை மாதம், இரவு வேலை முடிந்து வெளியே வந்தால் ஸ்னோ கொட்டிக் கிடந்தது, வெயிலும் எறித்தது. விளக்குக் கம்பத்தின் நிழலைப் பார்த்தோம். நீலம்தான்.

கமில் பிசாறோவின் 'பொக்ஸ் ஹில், அப்பர் நோர்வூட்' என்ற படத்தின் மூலம் லண்டனிலேயே இருக்கிறதென்று அறிந்து, ஒரு ஞாயிறு பிள்ளைகளுடன் புறப்பட்டோம். எட்மண்டன் கிறீனில் ரெயில் ஏறி, செவன் சிஸ்டர்ஸில் மாறி, ட்ரபல்கர் சதுக்கத்து நஷனல் கலரிக்குப் போனோம். உள்ளே போகக் காசில்லை.

படம் அரை மீற்றர் அகலம்கூட இல்லை. வளைந்து போகும் வீதி, நடந்து போகும் சிலர், மெல்லிய ஸ்னோ. எங்கள் தகடு வழவழவென்றிருக்கும். இதிலோ தூரிகை இழுத்த தடம் தடிப்பாகத் தெரிகிறது. ஸ்னோவை இவர் கையால் வைத்திருக்கிறார்.

பிசாறோ 1830-ல் கரீபியன் தீவான சென் தோமஸில் பிறந்தவர். எங்களைப்போல வெயிலில் வளர்ந்தவர். 1870-ல் பிரான்சில் போர் மூண்டதும் குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடிவந்தார். விட்டுவந்த வீட்டில் பிரஷ்யப் படை குடியேறியது. அங்கிருந்த ஓவியங்களில் பெரும்பாலானவை அழிந்தன. 1990-ல் தெல்லிப்பழையை விட்டு எழும்பிய குடும்பம் எங்களது. வீட்டில் இருந்த படங்களைப் பற்றி அம்மா இன்றும் கதைப்பார். எல்லாம் கலியாணப் படங்கள்.

இந்தப் படத்தில் உள்ள ஆண்டும் 1870. வந்திறங்கிய அந்த வருடம் முடியமுன்பே அந்த மனிதர் குளிரில் இறங்கி வீதியைப் பார்த்திருக்கிறார். நாங்கள் முதல் குளிர்காலத்தில் திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை.

மூலை கீறுப்பட்ட பிசாறோத் தகடு ஒன்று வேலைத்தலத்தில் மலிவாகக் கிடைத்தது. முன்னறையில் மாட்டினோம். "வெளியில கிடக்கிறது காணாதே?" என்றார் அம்மா.

பொக்ஸ் ஹில் வீதி இன்றும் உண்டு. கிறிஸ்டல் பலஸ் ரெயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அடுத்த ஸ்னோவுக்கு அங்கே போவதென்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அது இரவு வேலை இல்லாத நாளாகப் பார்த்து விழவேண்டும்.