கல்லாறு மேட்டில் தட்டும் இன்ஜின்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையை ஒட்டிப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மலைதான் படியளக்கிறது. ஏறும்போது சூடாகி நின்ற வண்டி, இறங்கும்போது பிரேக் பிடிக்காத வண்டி, இரண்டுமே அவர்களிடம்தான் வந்து சேரும். ஊர் இருப்பது 300 மீட்டர் சொச்சம் உயரத்தில். குன்னூரோ 1,800 மீட்டருக்கு மேலே. கல்லாறு தாண்டியதுமே ஏற்றம் தொடங்கிவிடும். ஏழு பேர், கேரியரில் லக்கேஜ், ஓடும் ஏசி, மாற்ற மனம் வராத மூன்றாவது கியர் எல்லாம் ஒன்றுகூடினால் பெட்ரோல் இன்ஜினிலிருந்து கிணிகிணியென்று ஓர் உலோகச் சத்தம் கிளம்பும். பட்டறை பாஷையில் ‘தட்டுது’. அந்தத் தட்டலைக் காது கொடுத்துக் கேட்பதற்காகவே இன்ஜினில் ஒரு பொருள் பொருத்தியிருக்கிறார்கள். நாக் சென்சார். அதைப் பார்க்கத்தான் அவற்றில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல். பையன்களுக்கெல்லாம் அவர் ‘அண்ணா’. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“மேல போகப் போகத் தட்டாதுங்க. கீழதான் தட்டும். கல்லாறுல இருந்து பர்லியாறு வரைக்கும் கண்ணாடிய இறக்கி விட்டுட்டுக் கேட்டுப் பாருங்க” என்றார்.

உயரம் கூடினால் இன்ஜினுக்குக் கஷ்டம் கூடும் என்றுதானே நாம் நினைப்போம். தட்டல் விஷயத்தில் கதை வேறு. மேலே காற்று மெலிவு. டர்போ இல்லாத இன்ஜினின் சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. அடிவாரத்திலோ அடர்ந்த காற்று, வெயில், முழுச் சுமை மூன்றும் உண்டு. அழுத்தமும் சூடும்தான் தட்டலுக்குத் தீனி.

நடப்பது இதுதான். பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். தீ இன்னும் போய்ச் சேராத ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை, சூடும் நெருக்கடியும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால் சிலிண்டருக்குள் அழுத்த அலை கிளம்பிச் சுவருக்குச் சுவர் மோதும். பிளாக் அதிரும். சாதாரணக் கார் இன்ஜினில் அந்த அதிர்வு விநாடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் தடவை. சிலிண்டரின் விட்டம் சிறியதானால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

எப்போதோ ஒரு தடவை தட்டினால் ஒன்றும் ஆகாது. தட்டிக்கொண்டே ஓடினால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டறை மேஜையிலேயே சாட்சி கிடந்தது. பழைய பிஸ்டன் ஒன்று. தலையின் விளிம்பு முழுக்கப் பொடிப்பொடிக் குழிகள். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள வரப்பு இரண்டு விரல் நீளத்துக்கு உடைந்து காணாமல் போயிருந்தது. தடவினால் முனை விரலைக் கிழிக்கும்போல் இருந்தது.

சென்சார் வராத காலத்தில் இவர்கள் காதை நம்பியே பிழைத்தார்கள். அம்பாஸடர், பிரீமியர் பத்மினி நாட்களில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, பிளக் பொறி வைக்கும் நேரமான டைமிங்கைக் கொஞ்சம் முன்னே வைத்து, வண்டியை மேட்டில் ஏற்றுவார்களாம். லேசாகத் தட்டல் கேட்டதும் இறங்கி, ஒரு மயிரிழை பின்னுக்குத் திருப்பி, இறுக்கிவிடுவார்கள். “அதுக்கு மேல தள்ளுனா பிஸ்டன் போயிரும். கீழ வெச்சா பிக்கப் இருக்காது.” அப்போது பெட்ரோலில் தட்டலை அடக்க ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். 2000-இல் நாடு முழுவதும் அது நின்றுபோனது.

அந்தக் காதின் வேலையை இன்று செய்வது நடுவில் துளையிட்ட ஒரு கறுப்பு வளையம். உள்ளே பீங்கான் வகை வில்லை ஒன்று, அதன்மேல் ஓர் எடை. பிளாக் அதிர்ந்தால் எடை வில்லையை நெருக்கும், வில்லை மின்சாரம் கொடுக்கும். நெருக்கினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் கண்டது 1880-இல். அமெரிக்காவின் பியூக் கார்களில் டர்போ இன்ஜினோடு இந்தச் சென்சார் வந்தது 1978-இல். நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் பிளாக்கில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். வால்வு மூடும் சத்தத்தையும் தட்டலையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க, பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் வண்டியின் கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்கும். தட்டல் தெரிந்தால் அந்தக் கணமே டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். பிறகு மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும். டிஸ்ட்ரிபியூட்டர் காலத்து மேட்டு வேலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

நான் இருந்தபோதே ஒரு டாக்சி வந்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு. “மேடு ஏறவே மாட்டேங்குதுங்ணா. மைலேஜும் போச்சு. போன மாசந்தான் வெளியூர்ல சென்சார் மாத்துனேன்” என்று புலம்பினார் டிரைவர். டிப்ளமோ முடித்த பையன் ஸ்கேனரைச் செருகினான். பி0327. சென்சாரிலிருந்து வரும் சிக்னல் குறைவு என்று பொருள். சென்சார் பழுது என்று பொருளல்ல. இன்ஜின் சுற்று ஏற ஏறச் சாதாரண இரைச்சலும் ஏற வேண்டும். அதுகூட வராவிட்டால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து, எதற்கு வம்பு என்று டைமிங்கைப் பாதுகாப்பாகப் பின்னுக்கே வைத்துவிடும். மேடு ஏறாததற்கும் மைலேஜ் போனதற்கும் அதுதான் காரணம்.

பையன் முதலில் பார்த்தது வயரை. மலையடிவாரத்தில் எலி ஒரு பெரிய மெக்கானிக். வயரில் பல் தடம் இல்லை, கனெக்டரிலும் பச்சை பூக்கவில்லை. கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்க முடியாத போல்ட்டைத் தடவியே கழற்றினான். சென்சாரோடு கூடவே ஒரு ஸ்பிரிங் வாஷரும் வந்து விழுந்தது, சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து. புதுச் சென்சார் மாட்டியவர் ‘லூஸாகிவிடக் கூடாது’ என்று நல்லெண்ணத்தில் போட்டிருக்கிறார்.

“சட்டைக்கு மேல, ஸ்வெட்டருக்கு மேல ஸ்டெதஸ்கோப்ப வெச்சா டாக்டருக்கு என்னங்க கேக்கும்?” என்றார் அண்ணா.

பையன் மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, கழற்றிய சென்சாரை ஸ்பேனர் காம்பால் லேசாகத் தட்டிக் காட்டினான். முள் இருந்திருந்தால் துள்ளியிருக்கும், எண்கள் துள்ளின. சென்சாருக்கு உயிர் இருக்கிறது. பிளாக்கில் அது உட்காரும் இடத்தைத் துருப்போகத் தேய்த்து, துணியால் துடைத்தான். கிரீஸ் தடவவில்லை, வாஷர் போடவில்லை. டார்க் ரெஞ்சை 20 நியூட்டன் மீட்டருக்குத் திருப்பி வைத்து, ‘டிக்’ என்று கேட்டதும் நிறுத்தினான். அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவு அது. கை பலத்தை நம்பி முறுக்கினால் வில்லை விரிசல் விடலாம், தளர விட்டால் சிக்னல் மெலியும். ஸ்கேனரில் அந்த பி0327-ஐ அழித்த பிறகு, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த டிரைவரிடம் அண்ணா வாங்கியது கூலி மட்டும். வாஷரைக் கழற்றியதற்கு எந்தக் கணக்கில் பில் போடுவது?

ஸ்கேனரால் முடியாத இடமும் உண்டு. நன்றாக இருக்கும் சென்சாரும் சில நேரம் பொய் சொல்லும் என்கிறார் அண்ணா. ஆடும் ஹீட் ஷீல்டு, தளர்ந்த பிராக்கெட் இவற்றின் அதிர்வும் பிளாக் வழியே அதற்குப் போய்ச் சேரும். தட்டலே இல்லாத இன்ஜினில் டைமிங் பின்வாங்கும். அதைப் பிரித்துச் சொல்ல இன்றைக்கும் அவருடைய காதுதான் வேண்டியிருக்கிறது. பையன்கள் கூப்பிட்டால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்கிறார்.

சென்சார் சொல்வது உண்மையாகவே இருந்தால், குற்றம் அதனுடையது அல்ல. பிஸ்டன் தலையில் படிந்த கரி, சூடேறிய இன்ஜின், கையேடு கேட்பதைவிடக் குறைந்த ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் திறன்) உள்ள பெட்ரோல் இவற்றில் ஒன்று காரணமாயிருக்கும். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு எல்லாப் பழியும் அதன்மேல்தான் விழுகிறது. மைலேஜ் கொஞ்சம் குறைவது நிஜம், தட்டல் விஷயத்தில் அது உதவியே செய்கிறது. அதற்கு வகுத்த குறைந்தபட்ச ஆக்டேன் எண் 95, முன்பிருந்த சாதாரண பெட்ரோலுக்கு 91. அதே சமயம், 91 போதும் என்று வடிவமைத்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுத்து 100 ஆக்டேன் ஊற்றுவது, என்னைக் கேட்டால், பணத்தைப் புகைபோக்கி வழியே விடுவதுதான்.

மலை ஏறுகிறவர்கள் தட்டல் கேட்டவுடன் ஒரு கியர் இறக்குங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் வயரையும் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சென்சாரை மாற்றியே தீர வேண்டுமென்றால், போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.