முத்தையன்கட்டுக்கு எந்த வள்ளம்?



முத்தையன்கட்டுக் குளத்தில் தூண்டில் போட ஒரு வள்ளம் வாங்குவோம் என்று காசு சேர்த்தோம். மூன்று ஆசிரியர்கள், ஒரு மச்சான். ஊரில் இன்னும் சிலருக்கும் இதே யோசனை இருப்பதாகக் கேள்வி. அதனால்தான் எழுதுகிறோம்.

1990 ஒக்டோபரில் வெளியேறியபோது எங்களில் இருவர் கைக்குழந்தைகள். மற்ற இருவர் பிறந்ததே புத்தளத்தில். குளம் தெரிந்தவர்கள் வாப்பாமார். எங்களுக்குப் பழக்கம் களப்புத்தான். ஆகவே முதலில் பிடித்துக்கொண்டது களப்பில் ஓடுவது போன்ற ஒடுக்கமான ஃபைபர் வள்ளமும் ஒரு எஞ்சினும். முற்பணம் கொடுக்கப் போகிற வழியில், குளக்கட்டில் வலை தைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் சும்மா கேட்டோம்.

"எஞ்சினோ? நாங்க பின்னேரம் போடுற வலையை விடியத்தான் எடுப்பம். அதுக்கு மேலால நீங்க ஓடினா ஆர் சேர் காசு தாறது?"

1952இல் வந்த ஆபிரிக்க மீன், நாங்கள் ஜப்பான் என்கிறோம். எங்களுக்கு அது சனிக்கிழமை விளையாட்டு, அவர் வீட்டுக்கு அடுப்பு. எஞ்சின் கதை அங்கேயே முடிந்தது.

ஒடுக்கமான வள்ளத்தை ஒருநாள் இரவல் வாங்கி ஓடிப் பார்த்தோம். விரால் நிற்பது பட்டமரமும் தாமரையும் உள்ள ஓரங்களில். மாரியில் குளம் நிறைந்தால் மரக்கட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. வள்ளம் ஒன்றில் ஏறிச் சரிந்தது. தூண்டில் வீச எழும்பிய சேர் அப்படியே குந்திவிட்டார். மற்றவர் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். முதலையும் உள்ள குளம். எங்களில் இருவருக்கு நீந்தவும் தெரியாது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் இதைச் சொல்ல வெட்கம்தான்.

மீனவர்களின் வள்ளத்தில் பக்கத்தே மிதப்புக் கட்டை உண்டு, லேசில் பிரளாது. ஆனால் தங்கூசி அதில் சிக்கும், மூன்றாமவருக்கு இடமுமில்லை.

கடைசியில் எடுத்தது அடி தட்டையான, அகலமான பழைய ஃபைபர் வள்ளம். துடுப்பு மட்டும். எழும்பி நிற்கலாம். சோளகக் காற்றுக்கு இழுபடும், அதற்கு ஒரு கல்லைக் கட்டிப் போடுகிறோம். ஆவணியில் தண்ணீர் வற்றிச் சேறு நீளும்போது நாலு பேர் தூக்கக்கூடிய பாரம். வாங்கும் முன் தூக்கிப் பாருங்கள், விற்பவர் சிரித்தாலும் பரவாயில்லை. இறங்க முன் அங்குள்ள மீனவர் சங்கத்திடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வலை எங்கே கிடக்கிறதென்று அவர்களே காட்டுவார்கள்.

எஞ்சினுக்கு வைத்த காசில் உயிர்காப்பு அங்கிகள் வாங்கினோம். மூன்றுதான் கிடைத்தது. நாலாவது வரும்வரை மச்சான் குளக்கட்டில் இருந்து தேத்தண்ணி ஊற்றுகிறார்.